நிறம் பிரித்த குற்றம்

"யாருங்க இதைப் பண்ணினது?"

பின்னாலிருந்து குரல் வந்தது. பார்கவி திரும்பவில்லை. கையில் கடைசி நீலக் கட்டை இருந்தது. அதை நீலத் தட்டில் போட்டாள். டிக்... அந்தச் சின்னச் சத்தத்தில் அப்படி ஒரு நிம்மதி! மேசை முழுக்க இப்போது தட்டுகள். சிவப்பு தனி, மஞ்சள் தனி, பச்சை தனி, வெள்ளை தனி. பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

"ஏனுங்க, உங்களைத்தான். இங்க ஒரு ஊர் இருந்துச்சுங்களே... அது எங்கீங்க?"

ஊரா?

திரும்பினாள். ஒல்லியாக, உயரமாக ஒருவன். மஞ்சள் டி-ஷர்ட்டின் நெஞ்சில் 'பிரிக்பூர்' என்ற பெயர். கழுத்தில் தொங்கிய அட்டையில் முகுந்த் என்று இருந்தது. சற்றுமுன் அவள் அக்கா மகளைத் தமிழில் அதட்டியது இவன் காதில் விழுந்திருக்க வேண்டும். அவன் கையில், மை கூடக் காயாத ஓர் அறிவிப்புப் பலகை. மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது... 'இது குழந்தைகள் கட்டும் ஊர். பெரியவர்கள் தயவுசெய்து தொட வேண்டாம்.'

பார்கவி பலகையிலிருந்து தட்டுகளுக்குப் பார்வையைத் திருப்பினாள்.

பழைய மும்பை சாலையில் புதிதாக வரப்போகும் பொம்மைக் கட்டைப் பூங்கா அது. திறப்பு விழா வரும் சனிக்கிழமை. அதற்கு முன்பே பார்க்கச் சிலருக்கு மட்டும் பாஸ் கொடுத்திருந்தார்கள். அக்கா ஸ்ரீரஞ்சனியின் அலுவலகத்துக்கும் வந்தது. அக்காவுக்குத் தலைவலி. அதனால் ஆத்யாவை அழைத்து வரும் வேலை சித்தியின் தலையில் விழுந்தது. ஆத்யா வந்த வேகத்தில் எதையோ கட்டிவிட்டுச் சறுக்குமரத்துக்கு ஓடிவிட்டாள். காத்திருந்த பார்கவியின் எதிரே, பெரிய மேசை மேல், எல்லா நிறமும் கலந்த ஒரு குவியல்.

அவளுக்கு பிம்ப்ரியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை. கலந்து கிடக்கும் எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. பக்கத்திலேயே காலித் தட்டுகள் வேறு. பிறகென்ன...

"இந்த மூலையில ஒரு மெட்ரோ ஸ்டேஷன் இருந்துச்சுங்க," என்றான் முகுந்த். வெறும் மேசையை விரலால் தொட்டுக் காட்டினான். "அதுக்கு மேல ஒரு முதலை படுத்திருந்துச்சு."

"முதலை எதுக்கு ஸ்டேஷன் மேல?"

"டிக்கெட் எடுக்கலைன்னு உள்ள விடலையாமுங்க. கட்டின பையன் சொன்னான். இங்க ஒரு வடா பாவ் கடை. இங்க ஒரு ஏரோப்ளேன், அதுக்குள்ள நீச்சல் குளம். வாரம் பூரா வந்த குழந்தைங்க ஒவ்வொருத்தரும் ஒண்ணு வெச்சிட்டுப் போனாங்க. அத்தனையும்... கலர் கலரா பிரிச்சு வெச்சிட்டீங்களேங்க!"

கோபத்திலும் இந்த 'ங்க' போகவில்லை. கோயம்புத்தூராக இருக்கும். கத்தித் தொலைத்திருந்தால் தேவலை. அந்தக் கண்களைத்தான் பார்க்க முடியவில்லை. மழைக்கு முந்தைய வானம் போல இருண்டு, ஆனால் பெய்யாமல்...

மன்னிப்புக் கேட்க வேண்டும். பார்கவிக்குத் தெரிந்தது. ஆனால் அவள் பிறவியிலேயே கூச்சக்காரி. லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தால்கூடத் தன் செருப்பைப் பார்ப்பவள். கோபம் வந்தால் மட்டும் எங்கிருந்தோ பேச்சு வந்துவிடும். இப்போதும் அதுதான் வந்தது.

"பார்க்கக் குப்பை மாதிரி கிடந்துது. ஊர்னு எனக்கு எப்படித் தெரியும்? போர்டை முன்னாடியே வெச்சிருக்கலாம்ல?"

குப்பை என்ற சொல் விழுந்ததும் அவன் முகம் மாறியது. "வெச்சிருக்கலாமுங்க," என்று மட்டும் சொன்னான்.

அதற்குள் நிர்வாகி கோகலே மேடம் வந்துவிட்டார். காட்டன் புடவை, வேகநடை. மேசையைப் பார்த்தார், முகுந்தைப் பார்த்தார், இந்தியில் படபடவென்று பொரிந்தார். வாசல் கூடத்தில் விலை கொடுத்து வாங்கிய அரண்மனை மாதிரியைத்தான் அவர் வைக்க நினைத்தாராம். குழந்தைகள் கட்டிய ஊரை வைக்கலாம் என்று அடம் பிடித்தது முகுந்தாம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஊர் இல்லையென்றால் அரண்மனை வந்துவிடும். "அப்புறம் இங்கே உனக்கு என்ன வேலை? முன்னால் இருந்த சென்னைக் கடைக்கே போய் ஷெல்ஃபில் பெட்டி அடுக்கு!"

மேடம் போனபின் இருவரும் நின்றார்கள்.

"நான் வேணா..." என்று தொடங்கினாள் பார்கவி.

"வேண்டாமுங்க. நீங்க போங்க."

மரியாதையாகத்தான் சொன்னான். முள் தைத்தது போல இருந்தது.

வீட்டில் ஸ்ரீரஞ்சனிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என் அஞ்சறைப் பெட்டியையே விடமாட்டே. ஊரையா விடப்போறே? ஏன்டி, நாலு பேர் இருக்கற இடத்துல கையைக் கட்டிட்டு உட்கார மாட்டியா?"

"அந்த ஆளு ஒரு போர்டு வெச்சிருந்தா..."

"அந்த ஆளு, அந்த ஆளுன்னு வந்ததுலேர்ந்து இதே பாட்டு. ஆளு எப்படி இருந்தான்?"

"அக்கா!"

ஆத்யா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "சித்தி, என் ரோஸ் ஆஸ்பத்திரி? அதையும் உடைச்சிட்டியா? பூனைங்களுக்கு மட்டும் கட்டினேன். அந்த அங்கிள் சூப்பர்னு சொன்னாரு!"

உதடு பிதுங்கியது. கண்ணீர் ரசம் சாதத்தில் விழுந்தது. பார்கவிக்குத் தன் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஒரு குழந்தையின் ஆஸ்பத்திரியை ரோஸ் தட்டில் கொட்டிவிட்டு, அதைப் பார்த்து நிம்மதி வேறு பட்டோமே!

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே பிரிக்பூருக்குப் போனாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. வாயில் காவலர் குடையை ஒரு பக்கம் சாய்த்து, அவளுக்குப் பின்னால் தேடினார்.

"குழந்தை எங்கே?"

"இல்லை. நான் மட்டும்தான்."

"குழந்தை இல்லாமல் பெரியவர்களை உள்ளே விட உத்தரவு இல்லை, மேடம்."

"நான் விளையாட வரலை. ஸாரி சொல்லத்தான் வந்தேன்!"

"ஸாரி சொல்வதற்கும் குழந்தை வேண்டும்."

தன் ஓட்டை இந்தியில் அவள் சண்டை போட்ட சத்தத்துக்கே முகுந்த் வெளியே வந்துவிட்டான். தலையில் பிளாஸ்டிக் தட்டு ஒன்றைக் கவிழ்த்திருந்தான். அவள் பிரித்து வைத்த மஞ்சள் தட்டு.

"உங்க பொண்ணு வரலீங்களா?"

"அவ என் அக்கா பொண்ணு. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல."

இதை யார் கேட்டார்கள்? பார்கவிக்கு அப்படியே மழையோடு சாக்கடையில் ஓடிவிடலாம் போல இருந்தது. அவன் உதட்டோரம் எதுவோ எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொண்டது. சிரிப்பா? இருக்காது.

"ஸாரி," என்றாள் செருப்பைப் பார்த்து. "நான் திருப்பிக் கட்டித் தரேன்."

"அது முடியாதுங்களே. பெரியவங்க கட்டினா அது ஷோகேஸுங்க. முதலையை ஸ்டேஷன் மேல படுக்க வெக்க உங்களுக்கு மனசு வருமா? எனக்கே வராது. குழந்தைங்கதான் கட்டணும். பாஸ் நேத்தோட முடிஞ்சுது. இனிமே சனிக்கிழமைதான் குழந்தைங்க வருவாங்க. அப்ப நான் இருக்கமாட்டேன். அவ்வளவுதானுங்க."

அவ்வளவுதானுங்க... என்ன லட்சணமான பதில்! ஒரு மனுஷன் தன் வேலை போவதை இப்படியா சொல்வது? அவளுக்குச் சுள்ளென்று வந்தது.

"நான் கூட்டிட்டு வந்தா?"

"யாரைங்க?"

"குழந்தைங்களை! எங்க அபார்ட்மென்ட்ல லீவு விட்டு, மழையில வெளியே போக முடியாம, லிஃப்ட் பட்டனை எல்லாம் உடைச்சிட்டுத் திரியுதுங்க. கூட்டிட்டு வந்தா உள்ள விடுவாங்களா, மாட்டாங்களா?"

தட்டின் விளிம்பிலிருந்து மழைநீர் சொட்டச் சொட்ட அவன் அவளையே பார்த்தான். "விடச் சொல்றேனுங்க," என்றான் மெதுவாக.

சொல்லிவிட்டாள். செய்வது யார்? அக்கா கைவிரித்துவிட்டாள். "நீ உடைச்ச ஊரு. நீயே போய் பெல் அடி."

கசார்வாடியில் அவர்கள் குடியிருப்பில் ஒவ்வொரு மாடியாகப் போய் அழைப்பு மணி அடிப்பதைவிடப் பரீட்சையில் தோற்பது சுலபம். கதவு திறந்ததும் பார்கவிக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் நின்று ஆத்யாதான் இந்தியிலும் மராத்தியிலும் வெளுத்து வாங்கினாள். "எங்க சித்தி ஒரு ஊரை உடைச்சிட்டா. இப்ப ஆள் வேணும்." அம்மாக்கள் முதலில் விழித்தார்கள். பிறகு வீட்டில் பந்து பட்டு எதுவோ உடையும் சத்தம் கேட்டது. "சாயங்காலம் வரை வைத்துக்கொள்ளுங்கள்," என்று பிள்ளையைச் செருப்போடு வெளியே தள்ளினார்கள்.

அவள் ஆய்வகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டாள். பள்ளி வேன் ஒன்றைப் பிடித்து, பட்டாளத்தை ஏற்றிக்கொண்டு, வாயில் காவலர் முன் இறங்கினாள். அவர் வாயைத் திறக்காமல் கதவைத் திறந்தார்.

மேசையருகே போனதும் பார்கவி கைதட்டினாள். "எல்லாரும் கேளுங்க. சிவப்பு இந்தத் தட்டுல. மஞ்சள் இதுல. எடுத்ததை அங்கேயே..."

சடசடசட... ஆத்யாவே முதல் தட்டைத் தரையில் கவிழ்த்தாள். அடுத்த நிமிடம் எல்லாத் தட்டும் காலி. அவள் பிரித்த நிறங்கள் எல்லாம் ஒரே குவியல்.

"ஐயோ!"

"இப்ப தெரியுதுங்களா, எனக்கு எப்படி இருந்துச்சுன்னு?" முகுந்த் சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். சிரித்தால் அந்தக் கண்கள் இரண்டும் சிறுத்து, ஓரங்களில் கோடு கோடாக... பார்கவி சட்டென்று ஒரு கட்டையைப் பொறுக்கிக்கொண்டாள்.

சும்மா இருப்பானேன் என்று அவளும் ஒன்று கட்டினாள். வெள்ளைச் சுவர், வெள்ளைக் கூரை, நேர்க்கோட்டில் ஜன்னல்கள்.

"இது என்ன, ஆன்ட்டி?" என்றான் மாடிவீட்டு ரோஹன்.

"லேப்."

"போர்!" அவன் அதன் கூரை மேல் ஒரு பச்சை ஆட்டை ஏற்றினான். ஆடு மருந்து குடிக்க வந்திருக்கிறதாம். டாக்டர் இல்லையாம். அதனால் ஆடே டாக்டராம். பார்கவி பார்த்தாள். கூரை நடுவே ஆடு கோணலாக நின்றது. அதைச் சரியாக நிறுத்தக் கை போனது... விட்டுவிட்டாள். விட்டது அவளுக்கே ஆச்சரியம்.

அடுத்த நாளும் வந்தார்கள். ஊர் வளர்ந்தது. தட்டைக் கட்டைகள் இரண்டு இறுக ஒட்டிக்கொண்டால் குழந்தைகளால் பிரிக்க முடியாது. முகுந்திடம் ஓடுவார்கள். அவன் என்ன செய்வான்? லபக்கென்று வாயில் வைத்துப் பல்லால் கடித்துப் பிரிப்பான்.

"என்ன பண்றீங்க நீங்க!" பார்கவி பாய்ந்து வந்தாள். "இதை எத்தனை குழந்தை தொட்டிருக்கும், எத்தனை குழந்தை வாயில வெச்சிருக்கும்! நான் மைக்ரோபயாலஜி படிச்சவ. இதுல என்னென்ன இருக்கும்னு சொல்லட்டுமா?"

"சொல்லாதீங்க, மத்தியானம் சாப்பிடணும்."

"கொடுங்க இங்க. மேல ஒரு நீளக் கட்டையை மாட்டணும், கீழ ஒண்ணு. இப்படிப் பிடிச்சு, எதிரெதிரா நெம்பணும். பிடிங்க!"

அவன் பிடித்தான். அவள் நெம்பினாள். வரவில்லை. இரண்டு பேரின் விரல்களும் அந்தச் சின்னக் கட்டைகளில் சிக்கிக்கொண்டு நின்றன. அவன் கையில் சோப்பு வாசனை. வெளியே மழை தகரக் கூரையில் கொட்டி முழக்கியது... டக்! பிரிந்தது. விரல்கள் பிரியக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமுங்க," என்றான் முகுந்த், கட்டையைப் பார்த்தபடி. "அன்னைக்கு நீங்க ஊரைப் பிரிச்சதை நான் பார்த்தேன். போர்டைக் கையில வெச்சிட்டு அந்தத் தூண் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். முதல் தட்டுலேர்ந்தே..."

பார்கவிக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் காது சூடாகிவிட்டது.

"பார்த்தீங்களா? பார்த்துட்டே நின்னீங்களா? அப்புறம் யாரு பண்ணினதுன்னு வேற கேட்டீங்களே!"

"தடுத்திருக்கணும்..."

"ஒரு வார்த்தை! 'ஏனுங்க, தொடாதீங்க'ன்னு ஒரு வார்த்தை! நான் வீடு வீடா பெல் அடிச்சேன் தெரியுமா? என் அக்கா பொண்ணு அழுதா. உங்களுக்கு வேலை போகுதேன்னு நான் ராத்திரி சாப்பிடாம... ஒரு பைத்தியக்காரி என்னதான் பண்றா பார்ப்போம்னு வேடிக்கை பார்த்தீங்களா?"

"அப்படி இல்லீங்க..."

"பின்ன எப்படி?"

அவன் வாயைத் திறந்தான். சுற்றிலும் குழந்தைகள் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

பார்கவி குழந்தைகளை வேனில் ஏற்றினாள். திரும்பிப் பார்க்கவில்லை. இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அவன் சென்னைக்குப் போகட்டும். பெட்டி அடுக்கட்டும். நமக்கென்ன?

நமக்கென்ன என்று சொன்னபிறகும் நினைப்பு அங்கேயே போனது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை. பட்டாளத்தோடு அக்காவும் வேனில் ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஆத்யா சித்தியின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "பாலம் பாக்கி இருக்கு. பாலம் இல்லன்னா பூனையெல்லாம் எப்படி ஆஸ்பத்திரிக்கு வரும்?" பார்கவியும் ஏறினாள். பூனைகளுக்காக மட்டும்தான்.

பாலம் முடியும் நேரம் கோகலே மேடம் வந்தார். அவர் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மெட்ரோ ரயில் ஒரு மாமரத்துக்குள் புகுந்து வெளியே வந்தது. ரோஸ் ஆஸ்பத்திரி வாசலில் பூனைகளின் வரிசை. குனிந்து ஆட்டைப் பார்த்தார்.

"இது யார்?"

"டாக்டர்," என்றான் ரோஹன்.

மேடத்தின் முகத்தில் இறுக்கம் ஒரு சுற்று தளர்ந்தது. பிறகு பார்வை பார்கவி மேல் விழுந்தது. "அன்றைக்கு வந்து உடைத்த பெண் இவர்தானே? மறுபடி எப்படி உள்ளே விட்டாய்? முகுந்த், இந்த ஊரைக் கண்ணாடிப் பெட்டி போட்டு மூடிவிடு. யார் கையும் படக்கூடாது."

குழந்தைகளின் முகங்கள் சுருங்கின. பார்கவிக்குக் கண்கள் பொங்கின. தரையைப் பார்த்தாள்.

"வேண்டாம், மேடம்." முகுந்த் முன்னால் வந்தான். இந்தியில் சொன்னாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. "அன்றைக்குத் தப்பு இவருடையது இல்லை. இவர் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டே நான் பக்கத்தில் நின்றேன். தடுக்கவில்லை. என்னை அனுப்புவதென்றால் அனுப்புங்கள். பெட்டி மட்டும் போடாதீர்கள். தொட முடியாவிட்டால் இது குழந்தைகள் ஊர் இல்லை."

"பார்த்துக்கொண்டே நின்றாயா? எதற்கு?"

அவன் கழுத்திலிருந்து காது வரை சிவந்தான்.

"கேட்கிறேன் இல்லையா?"

"நான் ஊரைக் கவனிக்கவில்லை, மேடம். இவரைக் கவனித்துக்கொண்டிருந்தேன்."

பிறகு ஆத்யா, "ஓஹோ..." என்று இழுத்தாள். மொத்தப் பட்டாளமும் அதைப் பிடித்துக்கொண்டது. "ஓஹோ...!"

கோகலே மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "கடவுளே, இவனை வைத்துக்கொண்டு நான் பூங்கா நடத்த வேண்டும்! சரி, அரண்மனை கிடங்கிலேயே கிடக்கட்டும். பெட்டி வேண்டாம். நாளையிலிருந்து ஊரை மட்டும் கவனி. புரிந்ததா?" புடவைத் தலைப்பை வீசிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா குழந்தைகளை வேனுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். போகிற போக்கில், "மெதுவா வா, அவசரமில்ல," என்று கண்ணடித்தாள். அவளை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம்.

வெளித் தாழ்வாரத்தில் பார்கவி நின்றாள். முகுந்த் பக்கத்தில் வந்து நின்றான். சாரல் இருவரின் கால்களையும் நனைத்தது.

"கோபமுங்களா?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"பின்ன ஏனுங்க பேசலை? திட்டுங்களேன். நேத்து மாதிரி ஒரு பாட்டம் திட்டினீங்கன்னா நிம்மதியா போயிடும். இப்படிச் சும்மா நின்னா பயமா இருக்கு."

பார்கவி பேசப் பார்த்தாள். வரவில்லை. கோபத்தைத் தேடினாள். எங்குமே இல்லை. இத்தனை நாள் அதைப் பிடித்துக்கொண்டுதான் இவன் முன் நின்றிருக்கிறாள். இப்போது பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல்...

"வந்து..." என்றாள். "நாளைக்கு ஊர் திறந்துடும். இனிமே நான் இங்க வர... காரணம் இல்ல."

"இல்லீங்களா?"

"இல்ல. அதான்... அது எனக்குப் பிடிக்கல." மூச்சை இழுத்துக்கொண்டாள். மழையைப் பார்த்துச் சொன்னாள். "உங்களைப் பிடிச்சிருக்கு."

ஓரக்கண்ணால் பார்த்தாள். முகுந்த் வாயைத் திறந்தபடி நின்றிருந்தான். மூடினான். திறந்தான்.

"ஏதாவது சொல்லுங்களேன்!" பார்கவிக்கு வந்துவிட்டது எரிச்சல். "அந்த மேடம்கிட்ட, ஊர்ப்பட்ட குழந்தைங்க முன்னாடி, அவ்வளவு தைரியமா சொல்லத் தெரியுது. நான் உயிரைக் கையில பிடிச்சிட்டுச் சொல்றேன், நீங்க மீன் மாதிரி..."

"அன்னைக்கு அந்தத் தூண்கிட்டயே சொல்லியிருக்கணுமுங்க," என்றான் அவன், குரல் நடுங்க. "எனக்கும்தான். ரொம்ப."

வேனிலிருந்து ஹாரன் அடித்தது. இருவரும் அசையவில்லை.